மத்தி எங்கே போகும்?

கடல் சூடேறச் சூடேற மத்தி மீன் எந்தப் பக்கம் நகரும் என்று கணினியில் கணிப்பது அவள் உத்தியோகம். கணக்கில் பிசகில்லை, மீனுக்குத்தான் அது தெரியவில்லை. மூன்றாம் முறையும் சோதனை வலை காலி. இன்னொரு முறை தவறினால் ஆய்வுக்கு மூடுவிழா.

விசைப்படகு ஓட்டும் அண்ணன் முன், நாளைக்கு மீன் இருக்கும் இடமென்று கணினி குறித்த வரைபடத்தை வீசினாள். "சூடு, உப்பு, நீரோட்டம் எல்லாம் சரியாப் போட்டேண்ணா! இந்த மீனுக்கு என்ன கேடு?"

"முன்னாடி மீன் எங்கே இருந்துச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பத்து வருஷமாப் படகுக்காரங்க எழுதிக் குடுத்த நோட்டுல இருக்கே!"

அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"அடிப்பாவி! மீன் கிடைச்ச இடத்தை எவனாவது வெளியே சொல்லுவானா?"

வரைபடத்தை உற்றுப் பார்த்தவன் வாயைப் பிளந்தான்.

"ஆனாலும் உன் கணினி கெட்டிக்காரிதாம்மா. நாளைக்கு நான் எழுதலாம்னு இருந்த பொய்யைக்கூட அச்சுப் பிசகாமச் சொல்லுதே!"