அக்கா எழுந்தால் அழுவான்

உடையப்பன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனையும் காதைப் பொத்திக்கொண்டன. அடுத்த அறையில் நான்காம் வகுப்பின் வாய்ப்பாடு பாதியில் நின்றது.

"போதும் தாயே, நீ வந்து உட்காரு" என்றாள் ரோசலின் டீச்சர்.

வாசல் வரை போயிருந்த பொன்னழகு திரும்பி வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடையை அடைத்ததுபோல் அழுகை நின்றது.

ஐந்து வயசுத் தம்பிக்கு ஒன்பது வயசு அக்கா துணை. தம்பியின் பேர் பதிவேட்டில் இருந்தது; அக்காவின் பேர் இல்லை. அவனைக் கொண்டுவந்து விட வந்தவள், விட்டுப் போக முடியாமல் ஒரு மாதமாக வகுப்பிலேயே இருக்கிறாள்.

தலைமையாசிரியர் நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இது பள்ளிக்கூடமா, இழவு வீடா?"

"பழக்கிட்டிருக்கேன் சார்."

"ஒரு மாசமாவா? பேரில்லாத பிள்ளை வகுப்புல உட்கார்ந்திருக்கு. இன்ஸ்பெக்டர் வந்தா நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு போடுங்க, தன்னால அடங்குவான்."

"அடிச்சா அடங்குவான் சார். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டான்."

"அப்ப என்னமோ செய்ங்க" என்று போய்விட்டார்.

டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ரோசலின் செய்து பார்த்தாயிற்று. வகுப்புப் பையன் கிதர் முகம்மது பக்கத்தில் அவனை உட்கார வைத்தாள். இரண்டும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டன. அக்காவை ஒரு நாள் கதவோரம், மறுநாள் வேப்பமரத்தடி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிறுத்தினாள். ம்ஹூம். விளையாடும்போது அக்கா எங்கே என்றுகூடத் திரும்பிப் பார்க்காதவன், அவள் வீட்டுக்கு என்று எழுந்தால் போதும், கூரை பிய்த்துக்கொண்டு போகும். கண்ணீர் கொஞ்சம், சத்தம் ரொம்ப.

போதாக்குறைக்கு இந்தப் பொன்னழகு. கரும்பலகையில் 'பட்டம்' என்று எழுதி, இது என்ன என்று கேட்டால், சின்னதுகள் வாய் திறக்குமுன் பதில் அவளிடமிருந்து வரும்.

"உன்னைக் கேட்டேனா?"

"இல்ல டீச்சர்." தம்பியின் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், அதைப் பாவாடைக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

அன்று மத்தியானம், பிள்ளைகளின் அப்பா சோலைமுத்து அகரத்துப் பூந்தோட்டத்திலிருந்து நேராக வந்து நின்றார்.

"டீச்சரம்மா, தோட்டத்துல பூவெடுக்க ஆளில்ல. இந்தக் கழுதை என்னடான்னா, தம்பிக்குக் காவல்னு இங்க சம்மணம் போட்டு உக்காந்திருக்கு."

"நானா கட்டி வச்சிருக்கேன்? பையனுக்கு வீட்ல அம்புட்டுச் செல்லம்."

"எல்லாம் அவுக ஆத்தா கொடுக்கிற எடம். நான் கைநாட்டு. இவனாச்சும் நாலெழுத்துப் படிக்கட்டும்னு பாக்குறேன்."

"பொண்ணு படிக்க வேணாமா?"

"பூக்கட்ட என்ன எழுத்து வேணும்?"

நாச்சிமுத்துவும் வந்து சேர்ந்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சோலைமுத்து. ஒண்ணு கூட்டிட்டுப் போங்க, இல்ல பேரைச் சேருங்க. இப்படிப் பேரில்லாம இனிமே உட்காரக்கூடாது."

சோலைமுத்து பிடரியைச் சொறிந்தார்.

"சரி. நாளைக்குக் காலையில வாரேன். என் கண்ணு முன்னால இவ எந்திரிச்சு வரட்டும். அவன் சும்மா இருந்தான்னா, இவளத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அழுதான்னா, தொலையுது, இவ பேரையும் எழுதிக்கங்க."

பொன்னழகு தம்பியின் சிலேட்டைப் பாவாடைக்கு அடியில் இன்னும் தள்ளினாள்.

மறுநாள் ரோசலின் கொஞ்சம் முன்னதாகவே வந்தாள். பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல். பிள்ளைகளின் அம்மா கருப்பம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து, மகனின் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி, நேத்து செத்த நேரத்துல நிறுத்திட்டியாமுல்ல?"

"தொண்டை வலிக்குதும்மா."

"இன்னைக்கு ஒரு நாளுதேன். அப்பா வருவாக. அக்கா எந்திரிச்சதும் எப்பவும்போல அழுகணும். அக்கா பேரை எழுதிட்டாகன்னா அப்புறம் ஒனக்கு அழுகுற சோலி இல்ல."

"கிதரோட விளையாடலாமா?"

"அழுதுட்டு விளையாடு."

ரோசலினுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு மாதம்! கத்திக் கத்தித் தொண்டை கட்டியது யாருக்கு? நாச்சிமுத்துவிடம் வசவு வாங்கியது யார்? வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துகொண்டு, இந்தப் பொம்பளை ஒரு பச்சைப்பிள்ளைக்கு அழச் சொல்லிக்கொடுத்து, டிரெயினிங் முடித்த டீச்சரையே ஆட்டி வைத்திருக்கிறாள். இருக்கட்டும். சோலைமுத்து வரட்டும்.

வந்தார். நாச்சிமுத்துவோடு வாசலில் நின்றார்.

"ஏ புள்ள பொன்னழகு, எந்திரிச்சு வா."

அவள் எழுந்தாள். மெதுவாக நடந்தாள்.

உடையப்பனும் கிதர் முகம்மதுவும் தரையில் போன கட்டெறும்பு ஒன்றை விரலால் மறித்துக்கொண்டிருந்தார்கள். எறும்பு விரலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

பொன்னழகு வாசலுக்கே போய்விட்டாள். ஒரு தரம் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீகளா சார்" என்று சோலைமுத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சுக் காட்டலை. டீச்சரம்மா நல்லாத்தேன் பழக்கியிருக்காக."

ரோசலின் விறுவிறுவென்று உடையப்பனிடம் போனாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அவன் காதோடு சொன்னாள்.

"மறந்துட்டியா அப்பு? அக்கா போறா. அழு."