அரை டஜன் கரண்டி

“மகன் வந்துட்டானாண்ணே, தீவாளிக்கு?”

கேட்டுக்கொண்டே மரியஜோசப் ஆற்றங்கரைக் கல்லில் சன்னாசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாசாரில் மீன் வெட்டுகிறவன். பகலெல்லாம் மீனோடு மாரடித்தது போதாதென்று, இருட்டியதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு தெலுக் ஆன்சன் ஆற்றங்கரைக்கு வந்துவிடுவான்.

“எங்க வர்றது? கப்பல் பட்டறையில லீவு குடுக்கலயாம்,” என்றார் சன்னாசி. “சிங்கப்பூர் வேலைன்னா சும்மாவா?”

“லீவு குடுக்கலயா?”

“ஆமாலா. ஆள்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தான். வந்தான்னா மொதல்ல என் வாசல்லதான் நிப்பான். அப்புறந்தான் படகுத்துறைப் பக்கம் இருக்குற மாமியா வீடு.”

மரியஜோசப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அந்த வாயில் ஒரு சிகரெட்டை வைத்துப் பற்றவைத்துக்கொண்டான்.

சன்னாசி எழுந்து தூண்டிலை வீசினார். இறால், புழு என்று இரை எதுவும் அவர் கோப்பதில்லை. காம்பை வெட்டியெறிந்துவிட்டு, ஒரு முனையில் முள்ளும் மறுமுனையில் தங்சி என்கிற நைலான் நூலும் கட்டிய சாப்பாட்டுக் கரண்டிதான் அவருக்கு இரை. தண்ணீருக்குள் இழுக்க இழுக்கப் பளபளவென்று குட்டி மீன் மாதிரி புரளும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும்.

எல்லாம் மகன் ஜெயபாலன் கண்டுபிடித்த வித்தை. மனைவி காளியம்மாவின் கல்யாணச் சீரில் வந்த அரை டஜன் எவர்சில்வர் கரண்டி. காம்பில் வெட்டினால் தேய்ந்துவிடும் என்று, குழியின் முதுகில் புள்ளி புள்ளியாக ‘கா’ என்று எழுத்து வெட்டியிருந்தாள். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததை அப்பனும் மகனும் சேர்ந்து தூண்டிலில் கட்டிவிட்டார்கள்.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. இங்க என் சீரையே தூக்கி ஆத்துல போடுறாங்கய்யா,” என்று அவள் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். ரப்பர்த் தோட்டமும் துண்டு துண்டாக விலைபோனது. சன்னாசி டவுனுக்கு வந்து ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டார். ஜெயபாலன் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது, ஆளுக்கு மூன்று கரண்டி. அப்பனும் மகனும் பிரித்துக்கொண்ட சொத்து அதுதான். கோபித்துக்கொண்டு போனான் என்று சிலர் பேசினார்கள். பிழைக்கப் போனான் என்பதுதான் சன்னாசி சொல்வது.

அறையில் விளக்கைப் போட்டால் அவர் நிழலைத் தவிர வேறு துணை கிடையாது. இங்கே வந்தால் ‘மீன் கெடச்சுதா’ என்று கேட்கவாவது ஓர் ஆள் இருந்தது. அதற்காகவே வந்தார்.

“நேத்து படகுத்துறை பெரிய ஜெட்டியில ஒருத்தன் இம்மாம் பெரிய சியாக்காப் மீன விட்டுட்டான்ணே,” என்றான் மரியஜோசப், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. “நூலு அறுந்து, முள்ளோட போயிருச்சு.”

“யாரு?”

“இருட்டுலா. சரியாப் பாக்கல.”

“பொறுமை இல்லாதவனா இருப்பான். பெரிய மீனு மாட்டுனா நூலை விட்டுக் குடுக்கணும். இழுத்துப் புடிச்சா அறுந்துதான் போகும். எங்க பாலாவுக்கும் அது வரவே வராது.”

சொல்லி வாய் மூடவில்லை, தூண்டில் வில்லாக வளைந்தது. சன்னாசி பதறவில்லை. ஓடும்போது விட்டுக்கொடுத்தார், களைக்கும்போது சுற்றினார். சட்டை நனைந்து, மூச்சு வாங்கி, கடைசியில் கை நீளத்துக்கு ஒரு சியாக்காப் சேற்றில் வந்து புரண்டது.

“அடேயப்பா,” என்று மரியஜோசப் டார்ச் லைட்டை அடித்து மீனின் வாயைப் பிளந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

“என்னா ஜோசப்பு?”

“அண்ணே... இது வாயில இன்னொண்ணு இருக்கு.”

இந்தப் பக்கக் கடைவாயில் சன்னாசியின் கரண்டி. அந்தப் பக்கம் இன்னொரு கரண்டி, அறுந்த நூலோடு தொங்கியது. சன்னாசி அதைக் கழற்றி, சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தார். முதுகில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. ‘கா’.

“ஒங்களோடதுதான்ணே, எப்பவாச்சும் தவறிப் போயிருக்கும்,” என்றான் மரியஜோசப் அவசரமாக.

சன்னாசி பையிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே இரண்டு கரண்டி. மூன்றாவது இதோ, மீனின் வாயில். அவருடையது எதுவும் தொலையவில்லை.

அந்த நான்காவது கரண்டியின் முள்ளைத் தடவிப் பார்த்தார். கடல் ஏறிவரும் இந்த ஆற்றின் உப்புத் தண்ணீரில் கிடந்தால் முள் துருவேற அதிக நாள் ஆகாது. இதில் பொட்டுத் துரு இல்லை. அப்போதுதான் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது.

தூரத்தில் பெரிய ஜெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சன்னாசி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கரண்டியையும் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுக் கேட்டார்.

“ஜோசப்பு, நீ மீனோடவே பொழங்குறவன். சிங்கப்பூர்ல நூலை அறுத்துக்கிட்டு ஓடுன மீனு, இவ்ளோ தூரம் நீந்தி வந்துரும்ல?”

மரியஜோசப் டார்ச்சை அணைத்தான்.

“வந்துரும்ணே,” என்றான் இருட்டுக்குள்ளிருந்து. “மீனுக்கென்ன, லீவா கேக்கணும்?”