கண்டறியப்படவில்லை

நாலு வரி. நாலுக்கும் நேராக ஒரே சொல்.

அவள் விரலை வைத்து மறுபடியும் படித்தாள்.

கண்டறியப்படவில்லை.

இத்தனை பெரிய ஆய்வுக்கூடம். உள்ளே இரவும் பகலும் ஓடும் மெஷின்கள். இவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இனி யாரிடம் போவது?

தப்பு அவளுடையதுதான்.

ரப்பர் தோட்டத்தில் தேன் கிடைக்காத மாதம். மார்த்தாண்டத்திலிருந்து தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் ஒரு வயலோரம் வைத்தாள். வயல் முழுக்க உரத்துக்காக விதைத்த சணப்பு. மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

அந்தத் தேனைத்தான் மாசமாக இருக்கும் மகள் ஜெனிஷாவுக்குக் காலையில் ஒரு கரண்டி கொடுத்தாள். திகட்டுது, வேண்டாம் என்றவளை அதட்டிக் கொடுத்தாள்.

நாற்பது நாள்.

பிறகுதான் தேனீ வளர்ப்போர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சணப்பு மாதிரிச் செடிகளில் ஒரு நஞ்சு உண்டு. பூ வழியாகத் தேனில் இறங்கலாம். ஈரலைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது.

அன்றே கரண்டியை நிறுத்தினாள். ஒரு குப்பியை இங்கே சோதனைக்கு அனுப்பினாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

"கண்டுபிடிக்க முடியலியா சாரே?" என்றாள். "இன்னொரு குப்பி கொண்டு வந்திருக்கேன். நல்லா தேடிப் பாருங்க."

அறிக்கையைக் கொடுத்த ஆய்வாளர் சுபைர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"தேடியாச்சும்மா. அந்த வகையில நாலு நஞ்சையும் தேடியாச்சு. மெஷினுக்கு எட்டுற அளவுல ஒண்ணுமே இல்ல. இல்லைன்னாதான் அப்படி எழுதுவோம்."

அவளுக்கு அது புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"அப்போ இல்லைன்னே எழுத வேண்டியதுதானே! ஆளைக் கொல்லுதியளே சாரே!"

அவர் சிரித்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். இன்னும் ஒரு டம்ளர் கேட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது போன் அடித்தது. ஜெனிஷா.

"காலைலருந்து எங்கம்மா போய்த் தொலஞ்ச?"

"ஒரு சோலியா வந்தேன்."

"என்ன சோலி? தேன் விக்கத்தானே? வேண்டாம்னு சொன்னப்ப வாயில ஊத்துன. இப்ப ஆசையா கேட்டா, ஒரு மாசமா கண்ணுல காட்டல. பெத்த பிள்ளைக்கு ஒரு கரண்டி குடுக்க மனசு வரல்ல, இல்ல? நல்ல பிசுனாறிம்மா நீ!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை எடுத்தாள்.

"ஆமா மக்ளே," என்றாள். "அம்மை பிசுனாறிதான்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, அதை இன்னொரு தடவையும் சொன்னாள்.