நல்லையாவின் உயரம்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் புது விமானப்படைக்கு ஆள் எடுத்தார்கள். ரொம்ப உயரமானவர்களுக்குப் பைலட் வேலை இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து காஜா பெராங் ஊர்க்கார நல்லையா, ஆறடி மூன்றங்குல ஆள், ஒரு மாதமாகக் கூன் போட்டே நடந்து பழகினான்.

தேர்வு முடிந்து கூனியபடியே திரும்பியவனை அக்கா மல்லிகா வாசலிலேயே மறித்தாள்.

“என்னடா, உயரத்துல போச்சா?”

“இல்லக்கா. உயரம் பாஸ்.”

“கண்ணு?”

“கழுகுக் கண்ணுன்னாரு டாக்டர்.”

“அப்புறம் என்னாடா? பக்கத்து ஊரு செமாபோக் வரைக்கும் லட்டு கொடுத்துட்டேன்லா.”

“பிளேன உக்காந்துதானே ஓட்டணும்? அதனால உக்கார வச்சுத்தான் அளந்தாங்க. உன் உயரமெல்லாம் கால்லதான் இருக்கு, பரவாயில்லன்னாரு.”

“பின்ன?”

“நிமிர்ந்து உக்காருன்னாரு. நிமிர வரலக்கா. கூன் முதுகுக்காரன்னு தள்ளிட்டாங்க. அவ்ளோ உயரத்துல என் மூளைக்குக் காத்து எட்டல போல.”

மல்லிகா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஒரு மாதத்தில் முதல்முறையாக நல்லையா விறைப்பாக நிமிர்ந்தான். வாசல் நிலை நங்கென்று அவன் மண்டையில் இடித்தது.