தோற்றவர் கையெழுத்து

எங்கள் வீட்டில் கலைக்களஞ்சியம் வாக்குவாதம் தீர்க்கத்தான் இருந்தது. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீரா, கொழுப்பா என்று சாப்பிடும்போது சண்டை வரும். "எடுத்துப் பாரு கோமு" என்பார் என் கணவர். தப்பாகச் சொன்னவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டு வருடங்களில் பத்துத் தொகுதிகளிலும் என் கையெழுத்துதான். "உன் பேர்லயே அச்சடிச்சிருக்கலாம்" என்று சிரிப்பார். இப்போது தனியாகச் சாப்பிடுகிறேன். நேற்று, "காண்டாமிருகத்தோட கொம்பு எலும்புதான்" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மறுக்க ஆளில்லை. கை கழுவிவிட்டு நானே போய் மூன்றாம் தொகுதியை எடுத்தேன். காண்டாமிருகத்துக்கு முன்னால் கணையம் வந்தது. கணையத்தில் புற்று வந்தவர்கள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை என்ற வரியின் ஓரத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. "மருந்துல சரியாயிடும் கோமு" என்று அவர் என்னிடம் சொன்ன நாளின் தேதியையும் போட்டிருந்தார். அன்று காலையில்தான் நான் அவருடைய டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்லையாம், பயப்பட வேண்டாம்னார்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார். பென்சிலைத் தேட எழுந்தேன்.