குளிப்பாட்டும் நேரம்

"பெரியவரை இன்னிக்கு எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுவீங்க?"

கதவைத் திறந்ததும் கீழ் வீட்டுத் தையல்கார அக்கா இதைத்தான் கேட்டாள். நேற்றும் இதே கேள்வி. முந்தாநாளும் இதே கேள்வி.

மருமகளுக்குச் சுருக்கென்றது.

"ஏன், எங்க வீட்டுல குளிக்கிறதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"அதுக்கில்லைம்மா. நேரம் தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் தோதா இருக்கும்."

"கை கால் விளங்காத மனுஷர். அவருக்கு எப்பத் தோணுதோ அப்பதான். உங்க தோதுக்கு நேரம் குறிச்சுக் குடுக்க முடியாது."

தையல்கார அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே பெரியவர் தோளில் துண்டோடு சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் படியிறங்கிப் போய்விட்டாள்.

"வயித்தெரிச்சல்! நம்ம பாத்ரூம் புதுசானதிலேர்ந்து இப்படித்தான்" என்றாள் மருமகள், கணவனிடம்.

இருக்கும் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவுக்காக அதை இடித்துக் கட்டினான். நாற்காலி நேராக உள்ளே போக வாசல்படியை எடுத்தான். சொரசொரப்பான டைல்ஸ், உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை, பிடித்துக்கொள்ளக் கம்பி என்று பார்த்துப் பார்த்துச் செய்தான்.

ஒரு பாத்ரூம் கட்டி முடித்தவன் ஊருக்கே இன்ஜினீயர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினான்.

"வழவழன்னு டைல்ஸ் போடாதீங்க. கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். இதெல்லாம் பட்டாத்தான் தெரியும்."

டைல்ஸ்காரர் அவனுக்கு நடத்திய பாடத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"தண்ணி போற ஓட்டையை அடைச்சு மூணு நாள் தண்ணி தேக்கி வைக்கணும் சார். எங்கேயும் கசியலைன்னு பார்த்துட்டுத்தான் டைல்ஸ் ஒட்டணும்" என்றார் அவர்.

"அப்பா நாளைக்கழிச்சு வீட்டுக்கு வர்றார். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஒட்டுங்க" என்றான் இவன்.

ஒட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவுக்குப் பேச்சு குழறியது. சாப்பாடு இறங்கவில்லை. எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேடையில் உட்கார வைத்து முதுகில் வெந்நீரை ஊற்றும்போது மட்டும் கண்ணை மூடிச் சிரிப்பார். "இன்னும்" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெளிவாக வந்தது. மகன் ஊற்றுவான். அந்த "இன்னும்" நிற்கிறவரை ஊற்றுவான்.

அந்த மாதக் கடைசியில் இன்னொரு சண்டை. மகளுக்குச் சட்டை தைக்கத் தையல்கார அக்காவிடம் பட்டுத்துணி கொடுத்திருந்தாள் மருமகள். தைத்து வந்த சட்டையின் தோளில் மஞ்சளாக ஒரு கறை.

"என் கவனக்குறைவுதாம்மா. வேற துணி வாங்கித் தச்சுத் தந்துடறேன்."

"அடுத்தவங்க துணியைப் பத்திரமா வைக்கத் தெரியாதவங்க எதுக்குத் தைக்க உக்காரணும்?"

மாடிப்படியில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கேட்டாள். நாலு வீட்டுக்கும் கேட்டது. அதன்பிறகு அந்த வீடுகளிலிருந்து தைக்கத் துணி வரவில்லை.

ஆனாலும் தையல்கார அக்கா காலையில் படியேறி வருவதை நிறுத்தவில்லை. "இன்னிக்கு எத்தனை மணிக்கு?"

"ரோஷமே கிடையாதா இந்தப் பொம்பளைக்கு!" என்று உள்ளே போய்ப் பொருமினாள் மருமகள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எட்டாவது மாதம் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள்கூட நன்றாகக் குளித்திருந்தார். மகனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். தையல்கார அக்காவும் வந்து ஒரு ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனாள். மருமகள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தையல்கார அக்கா மறுபடி வந்து நின்றாள்.

"தம்பி, ரெண்டு பேரும் ஒரு எட்டு கீழே வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

போனார்கள்.

தையல் அறையின் கூரைப் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. சுவர் முழுக்க மஞ்சளும் கறுப்புமாகப் பூஞ்சை. தரையில் நாலு வாளி, ஒரு பழைய அண்டா. தையல் மெஷின் சமையலறையில் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தைக்க வந்திருந்த இரண்டே இரண்டு துணிகள் பிளாஸ்டிக் பைக்குள் கட்டித் தொங்கின.

அவன் அண்ணாந்து பார்த்தான். நேர் மேலே அப்பா உட்கார்ந்து குளித்த மேடை. மூன்று நாள் பொறுக்காத தன் அவசரத்தை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க குளிச்சா சொட்டும். அவரைக் குளிப்பாட்டினா கொட்டும்" என்றாள் தையல்கார அக்கா. "நேரம் தெரிஞ்சா துணியையெல்லாம் நகத்திட்டு வாளியை வெச்சுடுவேன். அதான் தினம் வந்து கேட்டேன்."

"அக்கா, அந்தச் சட்டையில..." என்றாள் மருமகள்.

"அதை விடும்மா."

"எத்தனை நாளா இப்படி?" என்றான் அவன்.

"பெரியவர் வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"எட்டு மாசமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? அன்னிக்கே தரையை உடைச்சுச் சரி பண்ணியிருப்பேனே!"

"பண்ணியிருப்பீங்கன்னு தெரியும் தம்பி" என்றாள் அவள். "உடைச்சுப் போட்டுட்டா, அவரை எங்கே உக்கார வெச்சுக் குளிப்பாட்டுவீங்க?"