அடுக்களைச் சுவரில் ஒரு ஜன்னல்

புகை படிந்து கன்னங்கரேலென்று கிடந்த ஓர் அடுக்களையில் சுவரும் பல்லியும் சிநேகிதம்.

செண்பகவல்லி விறகடுப்பை ஊதி ஊதி இருமும்போதெல்லாம் இரண்டும் கலங்கிப்போகும். "இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வச்சுத் தாங்களேன்" என்று அவள் புருஷனிடம் கேட்காத நாளில்லை. அவள் கேட்டதும் பல்லி நல்ல சகுனமாகக் கத்தும். துரைப்பாண்டி கூடத்தில் இருந்தபடியே, "அந்தப் பக்கம் ஜன்னல் வச்சா வாஸ்துப்படி வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் செண்பகவல்லி வழுக்கி விழுந்து கால் முறிந்தது. சமைக்க வேறு ஆளில்லாமல் துரைப்பாண்டி அடுக்களைக்குள் நுழைந்தார். உலை கொதிக்கும் முன்பே கண் எரிந்து, தொண்டை கமறி வெளியே ஓடினார். மறுநாளே கொத்தனார் வந்து ஜன்னல் வைத்தார்.

கட்டுப்போட்ட காலோடு நொண்டி வந்த செண்பகவல்லி, ஜன்னலோரம் நின்று இருமாமல் மூச்சை இழுத்து விட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"அவ முகத்தைப் பார்த்ததும் இடிபட்ட வலிகூட எனக்குத் தெரியலை" என்றது சுவர்.

"துரைப்பாண்டி அய்யாவுக்கு நாம கோடிக் கும்பிடு போடணும்" என்றது பல்லி.

"போடலாம். அதுக்கு முன்னால, முறிஞ்சுபோன அந்தக் காலுக்கு ஒரு கும்பிடு போட்டுடு."